காப்பிக்கொட்டை வறுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகளாகக் காப்பிக்கொட்டையை நானே வறுத்து வருகிறேன். நான் வறுத்ததைக் குடித்துப் பார்த்தவர்களும், தாங்களே வறுக்கத் தொடங்கியவர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவை. அவற்றை அவரவர் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒன்றின் விடை இன்னொன்றுக்கு அடிப்படையாக இருப்பதால் முதலிலிருந்து படிப்பது நல்லது. முன்னர் விளக்கியதைப் பின்னர் மறுபடியும் விளக்காமல், எந்தக் கேள்வியில் பார்க்க வேண்டும் என்று மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. வறுக்காத பச்சைக் கொட்டையை அப்படியே அரைத்துக் காய்ச்சினால் காப்பி வராதா?

வராது. பச்சைக் கொட்டை என்பது காப்பிப் பழத்தின் சதையை நீக்கி, உலர்த்தி, தோலைக் களைந்து எடுத்த விதை. சாம்பல் கலந்த பச்சை நிறமும் கூழாங்கல் போன்ற கடினமும் கொண்ட அதை வீட்டு அரவை எந்திரத்தில் போட்டால் எந்திரம்தான் பழுதாகும். எப்படியோ பொடித்து வெந்நீரில் ஊறவைத்தாலும் புல்வாடை வீசும், துவர்ப்பான, வெளிறிய நீர்தான் கிடைக்கும். அதில் காஃபீன் இருக்கும். காப்பி மணம் இருக்காது.

காப்பி மணம் என்று நாம் அறிந்திருப்பது, கொட்டைக்குள் ஒளிந்திருந்து சூடு பட்டதும் வெளியே வருவதன்று. வறுக்கும் அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் புதிதாகப் பிறப்பது. வறுத்த கொட்டையில் 800-க்கும் மேற்பட்ட மணச் சேர்மங்கள் இனங்காணப்பட்டுள்ளன. சர்க்கரை, புரதம், அமிலம், கொழுப்பு என அவற்றுக்கு வேண்டிய மூலப்பொருள்களை மட்டுமே பச்சைக் கொட்டை கொடுக்கிறது.

2. வறுக்கும்போது கொட்டைக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

முதலில் நடப்பது உலர்தல். பச்சைக் கொட்டையின் எடையில் 10 முதல் 12 விழுக்காடு ஈரம். கொட்டை ஏறத்தாழ 150 பாகை செல்சியஸை எட்டும்வரை, கொடுக்கும் சூட்டில் பெரும்பகுதி இந்த ஈரத்தை வெளியேற்றுவதிலேயே செலவாகிறது. பச்சை மங்கி மஞ்சளாகும். ஈர வைக்கோலின் வாடை மெல்ல மாறி, சுடும் ரொட்டியின் மணம் தலைகாட்டும். வேடிக்கை பார்ப்பவருக்கு இந்த நிமிடங்களில் ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும். ஆனால் இங்கே சூடு கொட்டையின் நடுப்பகுதிவரை சீராகப் போய்ச் சேராவிட்டால் பின்னால் எதைச் செய்தும் அதைச் சரிக்கட்ட முடியாது.

அடுத்தது பழுப்பேறும் கட்டம். சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வெப்பத்தில் ஒன்றோடொன்று வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணங்களையும் உண்டாக்குகின்றன. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மெய்லார்டின் பெயரால் இது மெய்லார்ட் வினை எனப்படுகிறது. சூடு இன்னும் ஏறும்போது சர்க்கரை தானாகவே சிதைந்து கேரமலாகத் தொடங்கும். அரபிகா என்ற காப்பி இனத்தின் கொட்டையில் 6 முதல் 9 விழுக்காடு இருக்கும் சுக்ரோஸ் என்ற சர்க்கரை, நடுப்பதத்தைத் தாண்டும்போது ஏறக்குறைய முழுவதுமாகத் தீர்ந்துபோகிறது. நன்றாக வறுத்த காப்பியில் இனிப்பை உணர்கிறோமே, அது பெரும்பாலும் நாக்கில் படும் சர்க்கரையால் வருவதன்று. கேரமலையும் பழத்தையும் நினைவூட்டும் மணத்தால் வருவது.

இவற்றோடு சேர்ந்தே அமிலங்களும் மாறுகின்றன. பச்சைக் கொட்டையில் நிறைய இருக்கும் குளோரோஜெனிக் அமிலங்கள் சிதைந்து புளிப்பையும் கசப்பையும் தரும் வேறு பொருள்களாகின்றன. டிரைகோனெலின் என்ற பொருள் உடைந்து, அதில் ஒரு பகுதி நியாசினாக, அதாவது வைட்டமின் பி3-ஆக மாறுகிறது. இவை எல்லாம் முடியும்போது கொட்டை 12 முதல் 20 விழுக்காடு எடையை இழந்திருக்கும். பருமனிலோ ஒன்றரை மடங்குக்கு மேல் உப்பியிருக்கும்.

3. பாதியில் பட் பட்டென்று வெடிக்கிறதே, அது எதனால்?

கொட்டையின் உள்ளே நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் பெருகி, அந்த அழுத்தத்தைச் செல்சுவர்கள் தாங்க முடியாதபோது கொட்டை விரிந்து ஓசையெழுப்புகிறது. இதுவே முதல் வெடிப்பு. ஏறத்தாழ 196 பாகையில், சோளம் பொரிவதைப்போல் தெளிவாகக் கேட்கும். கொட்டையின் நடுக்கோடு திறந்துகொள்ளும், சுருக்கங்கள் விரியும், ஒட்டியிருந்த மெல்லிய உமி பறக்கும். குடிக்கத்தக்க காப்பி இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

மேலும் வறுத்தால் ஓசை ஒருமுறை அடங்கி, 225 பாகையை ஒட்டி மறுபடியும் தொடங்கும். இந்த இரண்டாம் வெடிப்பு வேறு வகையானது. உலர்ந்த சுள்ளிகளை அடுத்தடுத்து முறிப்பதுபோன்ற, சன்னமான, விரைவான ஓசை. கொட்டையின் நார்க்கட்டமைப்பே முறிகிறது என்பதற்கு அது அறிகுறி. இந்த வெப்பநிலைகளைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெப்பமானி எந்திரத்தில் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே ஐந்தாறு பாகை மாறும். காதை நம்புவது மேல்.

4. இளம்பதம், நடுப்பதம், கரும்பதம் என்கிறார்கள். எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

மேலே சொன்ன இரண்டு வெடிப்புகளை வைத்து. முதல் வெடிப்பின்போதோ அது அடங்கிய உடனேயோ இறக்கினால் இளம்பதம். அதற்கும் இரண்டாம் வெடிப்புக்கும் இடையில் இறக்கினால் நடுப்பதம். இரண்டாம் வெடிப்பில் நுழைந்துவிட்டால் கரும்பதம். இளம்பதத்தில் கொட்டையின் இயல்பு, அதாவது அது விளைந்த உயரம், செடியின் வகை, பழத்தைப் பதப்படுத்திய முறை ஆகியவற்றின் சாயல் மேலோங்கி நிற்கும். கரும்பதத்தில் வறுவலின் சுவையே மேலோங்கும். எங்கெங்கோ விளைந்த கொட்டைகள் கரும்பதத்தில் ஒன்றுபோலச் சுவைப்பதற்கு அதுதான் காரணம்.

இந்தப் பெயர்களுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது. ஒருவர் நடுப்பதம் என்பதை இன்னொருவர் கரும்பதம் என்பார். நிறத்தை அளக்கும் ஆக்ட்ரான் போன்ற கருவிகள் உண்டு. அதன் எண் குறையக் குறையக் கொட்டை கருமை கூடியது. கருவி இல்லாதவர்கள் எடையைப் பார்க்கலாம். ஒரே கொட்டையை வறுக்கும்போது, 12 அல்லது 13 விழுக்காடு எடை குறைந்த வறுவலும் 18 விழுக்காடு குறைந்த வறுவலும் வெவ்வேறு காப்பி.

5. இளம்பதக் காப்பி புளிக்கிறதே, கொட்டை கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. பச்சைக் கொட்டையிலேயே சிட்ரிக், மாலிக் அமிலங்கள் உள்ளன. சர்க்கரை சிதையும்போது அசிட்டிக், ஃபார்மிக் அமிலங்களும் சேர்ந்துகொள்கின்றன. வறுவல் நீள நீள இவை சிதைந்தும் ஆவியாகியும் குறையும் என்பதால்தான் இளம்பதத்தில் புளிப்பு தெரிகிறது, கரும்பதத்தில் மறைகிறது.

ஆனால் புளிப்பு என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது இரண்டு வேறு அனுபவங்களை. பழுத்த பழத்தைக் கடித்ததுபோல் இனிப்போடு வரும் புளிப்பு ஒன்று. அது நல்ல கொட்டையின் சொத்து. புல்வாடையோடும் நாவை உலர்த்தும் துவர்ப்போடும் வரும் புளிப்பு மற்றொன்று. அது உள்ளே வேகாத கொட்டையின் குறை. இளம்பதம் என்றாலே பிடிக்காது என்பவர்களில் பலர் இந்த இரண்டாவதைத்தான் குடித்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

6. அப்படியானால் கசப்பு காஃபீனால்தானே வருகிறது?

காஃபீன் கசக்கும், ஆனால் காப்பியின் கசப்பில் அதன் பங்கு சிறிது. காஃபீன் நீக்கிய காப்பியும் கசக்கிறது என்பதே போதிய சான்று. பெரும்பங்கு குளோரோஜெனிக் அமிலங்களின் சிதைவால் வருவது. நடுப்பதம்வரை அவை லாக்டோன்களாக மாறி, இதமான, சட்டென்று மறையும் கசப்பைத் தருகின்றன. இன்னும் வறுத்தால் அந்த லாக்டோன்களே உடைந்து ஃபினைலிண்டேன்கள் உருவாகின்றன. நாவின் அடியில் நெடுநேரம் நிற்கும் முரட்டுக் கசப்பு அவற்றுடையது.

7. கருப்பாக வறுத்தால்தானே ‘ஸ்ட்ராங்’ காப்பி? காஃபீனும் அதில்தானே அதிகம்?

‘ஸ்ட்ராங்’ என்ற சொல் குழப்பத்தின் வேர். கசப்பும் புகைமணமும் கூடுவதை அச்சொல்லால் குறித்தால், ஆம், கரும்பதம் அப்படித்தான் இருக்கும். நீரில் கரைந்திருக்கும் சாரத்தின் அடர்த்தியைக் குறித்தால், அது எவ்வளவு பொடிக்கு எவ்வளவு நீர் என்பதைப் பொறுத்தது.

வறுப்பதால் காஃபீன் பெரிதாகக் குறைவதும் இல்லை, கூடுவதும் இல்லை. மாறுவது கொட்டையின் எடையும் பருமனும். கரும்பதக் கொட்டை மற்றப் பொருள்களைக் கூடுதலாக இழந்திருப்பதால், எடைக்கு எடை பார்த்தால் அதில் காஃபீன் ஒரு துளி அதிகம். அதுவே உப்பி லேசாக இருப்பதால், கரண்டிக்குக் கரண்டி பார்த்தால் இளம்பதத்தில் அதிகம். உண்மையான வேறுபாடு வேண்டுமென்றால் கொட்டையின் இனத்தைப் பார்க்க வேண்டும். அரபிகாவில் காஃபீன் ஏறத்தாழ 1.2 விழுக்காடு, ரொபஸ்டாவில் அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

8. இரண்டு முறையும் ஒரே நிறத்தில்தான் இறக்கினேன். சுவை ஏன் வேறுவேறாக இருக்கிறது?

நான் மிகவும் விரும்பி விடை சொல்லும் கேள்வி இது. நிறம் என்பது கொட்டை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை மட்டுமே காட்டும். எந்த வழியாகப் போனது என்பதைக் காட்டாது. சுவை வழியில்தான் உருவாகிறது.

தொடக்க காலத்தில் ஒரே மூட்டைக் கொட்டையை இரண்டு விதமாக வறுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று கடுஞ்சூட்டில் ஆறு நிமிடத்தில் இறக்கியது. மற்றொன்று மந்தமான சூட்டில் இருபது நிமிடம் கிடந்தது. தட்டில் இரண்டும் ஒரே பழுப்பு. முதல் தட்டிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து நகத்தால் அழுத்தினேன், உடையவில்லை. இடுக்கியால் உடைத்துப் பார்த்தபோது வெளிவிளிம்பு அடர்பழுப்பாகவும் நடுப்பகுதி வெளிர்மஞ்சளாகவும் இருந்தன. அதன் காப்பியில் கருகலும் பச்சை வாடையும் ஒன்றாக இருந்தன. இரண்டாவது தட்டின் கொட்டை விரலிடுக்கிலேயே பொடிந்தது; உள்ளும் புறமும் ஒரே நிறம். ஆனால் அதன் காப்பியில் குறை சொல்லவும் ஒன்றும் இல்லை, நிறை சொல்லவும் ஒன்றும் இல்லை. புளிப்பும் இனிப்பும் மங்கி, உலர்ந்த ரொட்டியைத் தின்றதுபோல் தட்டையாக இருந்தது. சூடு போதாமல் நெடுநேரம் கிடந்த கொட்டைக்கு நேரும் கதி இது.

ஆகவே வறுப்பவர் கவனிக்க வேண்டியது நிறத்தோடு வேகத்தையும். தொடக்கத்தில் நிறையச் சூடு கொடுத்து, கொட்டையின் வெப்பநிலை ஏறும் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் சீராகக் குறைந்துகொண்டே வருமாறு செய்ய வேண்டும். முதல் வெடிப்பின்போது ஈரம் பெருமளவில் வெளியேறுவதால் ஏற்றம் திடீரென்று படுத்துவிடும்; அதைக் கண்டு பதறித் தீயைக் கூட்டினால் சற்று நேரத்தில் கட்டுமீறி ஏறும். வெடிப்பு தொடங்குவதற்கு முன்பே தீயைப் பக்குவமாகக் குறைத்து வைத்துக்கொள்வதுதான் வழி. வெடிப்பு தொடங்கியதிலிருந்து இறக்கும்வரை உள்ள ஒன்று முதல் மூன்று நிமிடங்களில், 15 நொடி கூடினாலும் குறைந்தாலும் கோப்பையில் தெரியும்.

9. அரபிகா, ரொபஸ்டா இரண்டையும் கலந்துபோட்டு ஒரேயடியாக வறுக்கலாமா?

வறுக்கலாம், வேலை மிச்சம். ஆனால் நான் செய்வதில்லை. இரண்டின் அடர்த்தியும் அளவும் சர்க்கரையும் வேறு. ரொபஸ்டாவில் சுக்ரோஸ் அரபிகாவில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான். ஒரே தீயில் இரண்டும் ஒரே நேரத்தில் பக்குவத்துக்கு வருவதில்லை. ஒரே இனத்திலும், உயர்ந்த மலைகளில் மெதுவாக விளைந்த கொட்டை இறுகி அடர்ந்திருக்கும்; தாழ்ந்த இடத்தில் விளைந்ததைவிடக் கூடுதல் சூட்டைக் கேட்கும். தனித்தனியாக வறுத்து, ஆறியபின் கலப்பதே ஒவ்வொன்றுக்கும் உரியதைச் செய்வதாகும்.

10. சுழலும் உருளையில் வறுப்பது நல்லதா, சூடான காற்றில் வறுப்பது நல்லதா?

இரண்டிலும் நல்ல காப்பி வரும். உருளையில் சூடு உலோகத்தைத் தொடுவதாலும் காற்றாலும் சேர்ந்து வருகிறது. வறுவல் பெரும்பாலும் 8 முதல் 15 நிமிடம் பிடிக்கும். உருளை அளவுமீறிச் சுட்டால் கொட்டையின் தட்டையான பக்கத்தில் கரும்புள்ளிகள் விழும். காற்று எந்திரத்தில் கொட்டைகள் மிதந்தபடியே வறுபடுவதால் அந்தச் சிக்கல் இல்லை, உமியும் உடனே பறந்துபோகும். வறுவல் விரைவாகவே முடிந்துவிடும். சுவையைத் தீர்மானிப்பது எட்டாம் கேள்வியில் சொன்ன ஏற்றத்தின் போக்கே.

11. எந்திரம் இல்லாமல் வீட்டு வாணலியில் வறுக்க முடியுமா?

முடியும். அடிகனத்த இரும்பு வாணலியை நன்றாகக் காயவைத்து, கொட்டைகள் ஓரடுக்குக்கு மேல் போகாதவாறு 100 அல்லது 150 கிராம் போட்டு, கை ஓயாமல் கிளற வேண்டும். நான்கைந்து நிமிடத்தில் மஞ்சளாகும். எட்டு முதல் பத்து நிமிடத்துக்குள் முதல் வெடிப்பு கேட்க வேண்டும். பதினைந்து நிமிடமாகியும் கேட்காவிட்டால் சூடு போதவில்லை. வாணலியில் எவ்வளவு கிளறினாலும் சில கொட்டைகள் முந்தும், சில பிந்தும். அந்தக் கலவைக்கும் ஓர் அழகு உண்டு, ஆனால் இளம்பதத்தை வாணலியில் முயல வேண்டாம். பிந்திய கொட்டைகள் வேகாமலே நின்றுவிடும்.

இறக்குவதில்தான் பலரும் தவறுகிறார்கள். அடுப்பை அணைத்தாலும் கொட்டை தன் சூட்டிலேயே தொடர்ந்து வறுபடும் என்பதால், விரும்பும் பதத்துக்குச் சற்று முன்பே இறக்கி, பெரிய உலோகச் சல்லடையில் கொட்டி, விசிறிக் காற்றில் குலுக்கி, மூன்று நான்கு நிமிடத்துக்குள் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். புகை கணிசமாக வரும், சன்னலைத் திறந்து வையுங்கள். உதிரும் உமி எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பை விட்டு ஒரு நொடியும் நகரக் கூடாது.

12. எல்லாம் கறுத்தபின்னும் சில கொட்டைகள் மட்டும் வெளிறியே நிற்கின்றன. திரும்ப வறுக்கலாமா?

அவை பழுக்காத காயிலிருந்து வந்தவை. சர்க்கரை சேர்வதற்கு முன்பே பறித்துவிட்டதால், இரண்டாம் கேள்வியில் சொன்ன பழுப்பேறும் வினைக்கு வேண்டிய மூலப்பொருள் அவற்றில் இல்லை. எத்தனை முறை வறுத்தாலும் காகிதத்தைச் சுட்டதுபோன்ற சுவைதான் வரும். கையால் பொறுக்கி எறிந்துவிடுங்கள். ஒரு கோப்பைக்குரிய பொடியில் இரண்டு மூன்று விழுந்தாலே சுவை கெடும்.

பதம் போதாமல் இறக்கிய முழுவறுவலையும் மறுநாள் திரும்ப வறுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஈரம் போய்விட்ட கொட்டை மறுமுறை சூடாகும்போது வெளிப்புறம் கறுக்குமே தவிர, நின்றுபோன மாற்றங்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்வதில்லை. எட்டாம் கேள்வியில் வந்த இரண்டாவது தட்டின் சுவைதான் கிடைக்கும்.

13. வறுத்த சூட்டோடு அரைத்துக் குடிப்பதுதானே மிகப் புதியது?

புதியது, ஆனால் சிறந்தது அன்று. வறுத்த கொட்டைக்குள் கார்பன் டை ஆக்சைடு திணிந்திருக்கும். உடனே அரைத்து வெந்நீர் ஊற்றினால் வாயு நுரைத்துக்கொண்டு வெளியேறி, நீர் பொடியை நனைப்பதைத் தடுக்கும். சாரம் சீராக இறங்காது, குடிக்கும்போது ஒரு கூர்மையான காரம் தெரியும். கரும்பதத்துக்கு மூன்று நான்கு நாளும், இளம்பதத்துக்கு ஒரு வாரம் அல்லது அதற்கு மேலும் பொறுப்பது நல்லது. வறுத்த கொட்டைப் பைகளில் சிறிய ஒருவழி அடைப்பு இருப்பது இந்த வாயு வெளியேறவும் காற்று உள்ளே நுழையாதிருக்கவுமே.

14. கொட்டை எண்ணெய் மினுங்கினால் உயர்தரம் என்கிறார்களே?

எண்ணெய் எல்லாக் கொட்டையிலும் உண்டு. அரபிகாவின் எடையில் ஏறத்தாழ 15 விழுக்காடு அதுதான். மற்றப் பதங்களில் அது செல்களுக்குள்ளேயே இருக்கும். இரண்டாம் வெடிப்பில் செல்சுவர்கள் முறிந்ததும் மேலே கசிகிறது. கரும்பதத்தில் இது இயல்பு, அவ்வளவே. வெளியே வந்த எண்ணெய் காற்றுப்பட்டு விரைவில் சிக்குவாடை அடிக்கத் தொடங்கும். நடுப்பதக் கொட்டை மினுங்கினால் அது வறுத்து வெகுநாளானது என்று ஐயப்படலாம்.

15. வறுத்த கொட்டையை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்? குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாமா?

காற்றுப்புகாத கலத்தில், வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் வைத்தால் நான்கு முதல் ஆறு வாரம் நன்றாக இருக்கும். அரைத்துவிட்டால் கணக்கு மாறிவிடும். பொடியின் பரப்பு பன்மடங்கு என்பதால் மணம் சில மணி நேரத்திலேயே தேயத் தொடங்கும். குளிர்பதனப் பெட்டியின் சாதாரணத் தட்டு வேண்டாம், ஈரமும் பிற வாடைகளும் ஏறும். உறைபெட்டியில் வைப்பதென்றால் சிறு சிறு பொட்டலங்களாக, காற்றில்லாமல் கட்டி வைத்து, எடுத்த பொட்டலம் அறைச் சூட்டுக்கு வந்தபின்பே பிரியுங்கள். இப்படி வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும்.

16. கருக வறுத்தால் அக்ரிலமைடு உண்டாகிப் புற்றுநோய் வருமாமே?

அக்ரிலமைடு, அஸ்பரஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்வதால் உருவாகிறது. பலர் நினைப்பதற்கு மாறாக, காப்பியில் அது வறுவலின் முற்பகுதியில் உச்சத்தை எட்டி, மேலும் வறுக்க வறுக்கச் சிதைந்து குறைகிறது; கரும்பதத்தில் இருப்பது இளம்பதத்தில் இருப்பதைவிடக் குறைவு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அக்ரிலமைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் வைத்திருந்தாலும், காப்பி குடிப்பதை 2016-இல் மறு ஆய்வு செய்து, புற்றுநோயோடு தொடர்புபடுத்தப் போதிய சான்று இல்லாத மூன்றாம் பிரிவுக்கு மாற்றியது. அதே ஆய்வில் 65 பாகைக்கு மேற்பட்ட கொதிசூட்டில் எந்தப் பானத்தைக் குடிப்பதும் உணவுக்குழாய்க்குக் கேடாகலாம் என்று குறித்தது. நாம் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

17. பதம் மாறினால் காய்ச்சும் விதத்தையும் மாற்ற வேண்டுமா?

கட்டாயம். ‘உங்கள் கொட்டை புளிக்கிறது’ என்று என்னிடம் வரும் குறைகளில் பாதி இதோடு தீர்ந்துவிடும். இளம்பதக் கொட்டை இறுகியது. சாரத்தை எளிதில் விடாது. அதற்குப் பொடி சற்று நைசாகவும், நீர் கொதிநிலைக்கு அருகில் 95 பாகைக்கு மேலும் இருக்க வேண்டும். முதலில் இறங்குவது அமிலங்கள்தான் என்பதால், பாதியில் நின்றுபோனால் ஐந்தாம் கேள்வியில் சொன்ன குறை, கொட்டையில் இல்லாமலேயே கோப்பையில் வந்துவிடும். கரும்பதக் கொட்டை நொய்ந்து துளைபட்டது. சாரத்தை வாரி வழங்கும். அதே சூட்டில் அதே நேரம் ஊறவைத்தால் ஆறாம் கேள்வியின் முரட்டுக் கசப்பும் சேர்ந்தே இறங்கும். பொடியைச் சற்றுப் பருபருவென்று அரைத்து, நீரை 85 முதல் 90 பாகைக்கு ஆறவிட்டு ஊற்றுங்கள். பதத்தை மாற்றும் நாளில், நீங்கள் வழக்கமாகக் காய்ச்சும் அளவிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். முதலில் அரவை, பிறகு நீரின் சூடு.